சேற்றுக்கு எந்த டயர்? வாசகர் கேள்விகள்
(பதில் சொல்பவர் போடிநாயக்கனூரில் டயர் கடை வைத்திருக்கிறார்)

கேள்வி: தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு 3 கிலோமீட்டர் செம்மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் 2014 மாடல் மஹிந்திரா தார் ஏற முடியாமல் வழுக்கி நின்றுவிடுகிறது. 4 வீல் டிரைவ் வண்டிதான். வாரம் இருமுறை மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கும் இதே வண்டியில்தான் இறங்குகிறேன். இப்போதுள்ள 235/70 ஆர்16 டயர்கள் தேய்ந்துவிட்டன. 40,000 ரூபாய்க்குள் மட் டயர் போட வேண்டும். 245/75 போட்டால் உயரமும் கிடைக்கும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: மட் டயரே வேண்டாம் தம்பி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மட் டயரில் பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள், பெரியவை, இடைவெளி அகலம். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அந்த இடைவெளியில் அடைத்த சேறு தெறித்து வெளியே போகும், பட்டன் அடுத்த சுற்றில் புது மண்ணைப் பிடிக்கும். அதற்காகத்தான் அந்த டயர். ஆனால் இடைவெளி அகலமானால் சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், வளைவில் பிடிமானமும் குறையும். நீங்கள் மூட்டையோடு இறங்கும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 3 கிலோமீட்டர் சேற்றுக்காக அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பறிகொடுக்கலாமா? இரைச்சலும் டீசல் செலவும் கூடும் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் வண்டிக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் போதும். சாலை, மண் இரண்டுக்கும் பொதுவாகச் செய்த டயர் அது. உள்நாட்டுக் கம்பெனிகளில் அப்பல்லோ அப்டெரா, எம்.ஆர்.எஃப். வாண்டரர் வரிசைகளில் ஏ.டி. வகை வருகிறது. உங்கள் அளவில் எது கையிருப்பில் இருக்கிறது என்று மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நாலு கடையில் கேளுங்கள், விலையும் கடைக்குக் கடை மாறும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு மட் டயரில் நினைத்த அளவு நினைத்த நேரத்தில் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அதில் பேர் பெற்றவற்றை நான்காக வாங்க உங்கள் தொகை காணாது.

மிச்சப் பணத்தில் ஒரு ஜோடிச் சங்கிலி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து எஸ்டேட் ஜீப்காரர்களின் பழைய வழி இது. மழை மாதத்தில் மண் பாதை தொடங்கும் இடத்தில் பின் சக்கரம் இரண்டிலும் கட்டுவார்கள், ரோடு ஏறுமுன் கழற்றிவிடுவார்கள். கழற்றச் சோம்பல்பட்டால் டயரும் போகும், ரோடும் போகும். செம்மண் சேற்றில் சங்கிலி கட்டிய சாதாரண டயர் ஏறுகிற மேட்டில், சங்கிலி இல்லாத விலை உயர்ந்த மட் டயர் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலிக்கு முன்னால் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: காற்றைக் குறைப்பது. மண் பாதையில் 18 முதல் 20 பவுண்டு வரை இறக்கினால் டயர் பரந்து உட்காரும், பிடிமானம் கூடும். அந்தக் காற்றோடு மூட்டை ஏற்றிச் சாலையில் ஓட்டினால் டயர் சூடாகிப் பக்கச்சுவர் கிழிந்துவிடும். அதனால் பாட்டரியில் ஓடும் சிறிய காற்றடிக்கும் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இனி நண்பர் சொன்ன 245/75. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 735 மில்லிமீட்டர், அவர் சொல்வது 774. வண்டி உயர்வது அதில் பாதி, 2 சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும், ஏற்றத்தில் இழுவை குறையும், முழுதாகத் திருப்பும்போது எங்கேயாவது உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் டயர் அளவை ஏன் மாற்றினீர்கள் என்பதாகவே இருக்கலாம். பழைய அளவே இருக்கட்டும்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பணம் போதவில்லை என்று பின்னால் மட்டும் புதிதாக, வேறு உயரத்தில் போட்டுவிட்டு 4 வீலில் ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கியர் பெட்டி கெட்டால், அந்தச் செலவு டயர் செலவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஸ்டெப்னிக்குப் பழையதில் நல்லதாக ஒன்று போதும், அதை மாட்டியிருக்கும்போது 4 வீல் போடாதீர்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். லோடு எண் 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். வண்டியோடு வந்த டயரில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது. கடைசியாக நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. "ஆஃபர்" என்று பலகை வைத்த கடையில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் வண்டி ரோட்டுக்கே இறங்காமல் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கிற வண்டியாக இருந்தால் என் பதில் வேறு: மட் டயர்தான். அப்போதும் பட்டனின் அழகைவிடப் பக்கச்சுவரின் கனத்தைப் பார்ப்பேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதை போன்ற கல் பாதைகளில் டயரைக் கொல்வது சேறு அல்ல, பக்கவாட்டில் கிழிக்கும் கல்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் என் பழைய ஜீப்புக்கு 6.00-16 டயர் வேண்டும். டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் அதே அளவு வருகிறது, விலையும் குறைவு. அதையே மாட்டலாமா?

பதில்: மாட்டக் கூடாது. ரிம்மில் உட்காரும், ஆனால் அது வேறு வேலைக்கான டயர். டிராக்டரின் முன் சக்கரம் இழுப்பதில்லை, திரும்ப மட்டும்தான் செய்கிறது. அதனால் அதன் பட்டன் சக்கரத்தைச் சுற்றி நீள வரிகளாக ஓடும். சேற்றில் வண்டியைத் தள்ள குறுக்கே ஒரு விளிம்பு வேண்டுமே, அது அதில் கிடையாது. தவிர, அவற்றில் ஏ6, ஏ8 என்று வேகக் குறியீடு இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை, ஏ8 என்றால் 40 வரை. நான்குவழிச் சாலையில் உங்கள் ஜீப் அந்த வேகத்திலா போகிறது?

உங்கள் ஊர்க் கரிசலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரக் கரிசல் உளுந்து மாவு போல ஒட்டும். எந்த மட் டயரின் இடைவெளியையும் அடைத்து மொட்டை டயராக்கிவிடும். மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் வண்டியை இறக்காமல் இருப்பதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். என் மாருதி ஜிம்னி ஜீப்புக்குக் கம்பெனி கொடுத்த 195/80 ஆர்15 டயர் பார்க்க மெலிசாக இருக்கிறது. மட் டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்குமா?

பதில்: இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. சேற்றில் மெல்லிய டயர் ஆழமாக இறங்கி கெட்டி மண்ணைத் தொடும் என்பதால், நீங்கள் குறை சொல்லும் அந்த மெலிவு பல இடங்களில் உதவியே செய்கிறது. கடற்கரை மணலில் ஓட்டுவதாக இருந்தாலும் மட் டயர் வேண்டாம், அது குழி தோண்டிப் புதைந்துகொள்ளும். அங்கேயும் காற்றை இறக்குவதுதான் வழி.

அழகுக்காக மாற்றியே தீருவேன் என்றால், கழற்றிய டயர்களைத் தூக்கி எறியாமல் விற்றுவிடுங்கள். ஷோரூமிலிருந்து வந்த வாரமே கழற்றிய டயர்கள் சந்தைக்கு வருகின்றன. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் கேட்டால், தேதி எண்ணைப் பார்த்து அதை வாங்கச் சொல்லித்தான் நான் அனுப்புகிறேன்.