வெளி ஹார்டு டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் எஸ்டிபி ஏன் எஸ்டிசி ஆகிறது?

அப்பத்தா கல்யாணப் படங்களை ஸ்கேன் செய்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றும்போது இணைப்பு அறுந்து, திரும்பச் செருகினால் டிஸ்க்குக்கு லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிபி (sdb) என்றிருந்தது எஸ்டிசி (sdc) ஆகி, பழைய ஃபோல்டரில் இன்புட் அவுட்புட் எரர் வருகிறது என்கிறீர்கள். டிஸ்க் போய்விட்டது என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். ஒயர் கழன்ற பிறகும் பழைய மவுண்ட்டை (டிஸ்க்கை ஒரு ஃபோல்டராகத் திறந்து வைக்கும் இணைப்பை) லினக்ஸ் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்தப் பெயர் காலியாகாது, அதனால்தான் திரும்பி வரும் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்து கிடைக்கிறது. முதலில் பழையதை அன்மவுண்ட் செய்து விடுவியுங்கள், அப்புறம் புதிய பெயரில் ஃபைல் அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளை (டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் விண்டோஸில் செக்டிஸ்க்), அதற்குப் பிறகுதான் மவுண்ட். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் எஸ்டிபி என்று எழுதியிருந்தால், செருகும்போது மாறாத அடையாளமான யூயூஐடிக்கு (UUID) மாற்றிவிடுங்கள்.

முக்கியமான விஷயம்: காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும் கடைசிப் படங்கள் ரேமிலேயே நின்றிருக்கலாம், இணைப்பு அறுந்தால் அவை போனதுதான். அந்த நேரத்தில் ஏற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், அதுவரை மூலத்தை அழிக்க வேண்டாம்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் நீள ஒயர் போட்டு வைத்திருந்தபோது எனக்கும் இதேதான், டிஸ்க் 'டிக்' என்று ஒரு சத்தம் விட்டு நின்றுவிடும். டிஸ்க்குக்கு மின்சாரம் போதாததுதான் காரணம்: யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 என்றால் 900. குட்டை ஒயரும் தனி மின்சாரம் உள்ள ஹப்பும் போட்டதும் சரியாகிவிட்டது.