3-இல் 5 போகுமா? கேரம் காய்களை எடுத்து வையுங்கள்

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மைனஸ் எண் என்றாலே குழப்பம், வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்துச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். கேரம் போர்டு இருந்தால் அதன் காய்களே போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். நான் ஆசிரியை இல்லை. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கா பையனும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள், அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். 35 என்றால் மைனஸ் பக்கமே இப்போது போக வேண்டாம். "2-இல் 7 போகாது, அதனால 7-இல் 2 போச்சு" என்று திருப்பிப் போட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகவே போகாது என்று இரண்டாம் வகுப்பில் நாம்தானே சொல்லிவைத்தோம்! தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி கொடுத்து 27 எடு என்றால், கை தானாக ஒரு கட்டைப் பிரிக்கும். இதற்குப் போய்க் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பெயர் வைத்திருக்கிறோம், எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. யாரும் கடன் வாங்கவில்லை, பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறை மாற்றுகிறோம், அவ்வளவுதான். கடன் என்ற சொல்லை மைனஸுக்கென்று பத்திரமாக எடுத்து வையுங்கள். 628-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் பிளஸைத் தனம், மைனஸை ருணம், அதாவது சொத்து, கடன் என்று சொல்லித்தான் விதிகளை எழுதினார். அதற்கும் முன்னால் சீனாவில் சிவப்புக் குச்சியைப் பிளஸாகவும் கருப்புக் குச்சியை மைனஸாகவும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பெரியவர்கள்தான், குழந்தைகள் இல்லை.

சரி, கேரமுக்கு வருவோம். வெள்ளைக் காய் +1, கருப்புக் காய் −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்தால் பூஜ்யம். கேரம் ஆடுகிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு காய்கூட எடுக்காத நேரத்தில் ஸ்ட்ரைக்கரைக் குழியில் போட்டுவிட்டால் ஒரு காய் பாக்கி நிற்கும், அப்புறம் எடுக்கிற முதல் காய் அந்தப் பாக்கிக்கே போய்விடும். கையில் ஒன்றுமில்லாதவனைவிடவும் கீழே ஒரு நிலை இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கூட்டல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 5 வெள்ளை, 3 கருப்பு, ஜோடிகளைத் தள்ளிவிட்டால் 2 வெள்ளை. கழித்தலில்தான் வண்டி நிற்கும். அக்கா பையனுக்கு 3 − (−2) கொடுத்தேன். மூன்று வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு, "கருப்பே இல்லையே சித்தி, இல்லாததை எப்படி எடுக்கிறது?" என்றான். ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்டா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது, எனக்கு அப்படித்தானே சொல்லித்தந்தார்கள். அடக்கிக்கொண்டு, பூஜ்யத்தைச் சேர்த்தால் உன் 3 மாறுமா என்று கேட்டேன். மாறாது என்றான். அப்போ ரெண்டு ஜோடியை உள்ளே கொண்டு வா. இப்போது 5 வெள்ளை, 2 கருப்பு, மதிப்பு அதே 3-தான். அந்த இரண்டு கருப்பையும் எடு என்றேன். எடுத்தான், மிச்சம் ஐந்து வெள்ளை. உடனே, "இது ஏமாத்து, நீங்க வெள்ளையைச் சேர்த்தீங்கல்ல" என்றான். கருப்பையும்தானே சேர்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவனே 4 − (−3) போட்டுப் பார்த்தான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்தச் சந்தேகம் வரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பெருக்கலும் இதே வழிதான். (−3) × (−2) என்றால் ஆறு ஜோடி வையுங்கள், மொத்த மதிப்பு பூஜ்யம். அதிலிருந்து இரண்டிரண்டு கருப்பாக மூன்று தடவை எடுக்கச் சொல்லுங்கள், 6 வெள்ளை மிஞ்சும். நிறத்துக்கு ஒன்பது காய்தான் என்பதால் அதற்கு மேல் போகாது. நாங்கள் தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போமே, அது இன்னும் வசதி. திருப்பிப் போட்டாலே குறி மாறிவிடும், −(−4) என்பது நாலு கொட்டையை இரண்டு தடவை புரட்டுவது. தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் வேண்டாம், வாயில் போட்டுவிடும்.

ஒரு விஷயத்தில் காய்கள் காலை வாரும். −7 பெரியதா, −2 பெரியதா என்று கேட்டால் ஏழு கருப்பைப் பார்த்து −7 என்றுதான் பிள்ளை சொல்லும், கண்ணுக்கு அதுதானே அதிகம். இதற்குக் காயை மூடிவைத்துவிட்டுத் தரை டைல்ஸில் சாக்பீஸால் −10 முதல் 10 வரை எழுதி நடக்கவிடுங்கள். வலப்பக்கம் இருப்பது பெரியது. அதிலேயே கழித்தலும் வரும்: 3-இல் வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கழித்தல் என்றால் திரும்பி நிற்க வேண்டும், எண் மைனஸ் என்றால் பின்பக்கமாக நடக்க வேண்டும். 3 − (−2) செய்கிறவள் 5-இல் போய் நிற்பாள். குறியில் ஒரு மைனஸ், எண்ணில் ஒரு மைனஸ், இரண்டும் வேறு வேறு வேலை என்பது இங்கேதான் நன்றாகத் தெரியும்.

காயை எப்போது நிறுத்துவது என்று நாள் குறிக்க வேண்டாம். முதலில் நோட்டில் வட்டம் போட ஆரம்பிப்பாள், பிறகு அதையும் விட்டுவிடுவாள். பரீட்சைக்கு முந்தின நாள் மறுபடி டப்பாவைத் திறந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். மைனஸ் முக்கால் வரும்போது காய் உதவாது, அதற்குத் தரையில் எழுதினோமே, அந்த எண்கோடுதான்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்புக் காயை மட்டும் எடுத்து ஒளித்துவிடுங்கள். அதற்கு என்ன மதிப்பு என்று எங்கள் திண்ணையில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.