கம்ப்யூட்டர் காட்டியது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை நின்றுவிட்டது. கேட்டால், "உங்க பேர்ல கார் இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுதும்மா" என்கிறார்கள். எனக்குத் தள்ளுவண்டியே வாடகைக்குத்தான். என்ன செய்வது?

பதில்: ரேஷன் அட்டை, வாகனப் பதிவு என்று பல பட்டியல்களை மென்பொருள் பொருத்திப் பார்க்கிறது. ஆதார் எண் சேராத பதிவென்றால் பெயரும் முகவரியும்தான் துணை. சிக்கல் அங்கேதான். 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். இனிஷியல் ஓரிடத்தில் அப்பாவுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. போதாக்குறைக்குப் பழைய எண், புதிய எண்! பழைய எண் 14 உங்கள் வீடு. புதிய எண் 14 நாலு வாசல் தள்ளி. அந்த வாசலில் நிற்கும் கார் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம்.

எதுவானாலும் நிறுத்தும் உத்தரவு அதிகாரியுடையது. வட்டாட்சியருக்கு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். வண்டியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேரில் விசாரிக்கும்படியும் எழுதுங்கள். கள ஆய்வு இல்லாமல் கம்ப்யூட்டர் கணிப்பால் ரத்தான ரேஷன் அட்டைகளை மறுபடி நேரில் சரிபார்க்கும்படி தெலங்கானா அரசுக்கு 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் சேருங்கள்.

கூடவே 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) ஒரு மனு. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதினால் திருப்பிவிடுவார்கள். "நிறுத்திய உத்தரவு நகல், அதற்கு ஆதாரமான பதிவின் நகல்" என்று கேளுங்கள். மென்பொருளின் உள்விவரம் வேண்டாம். வணிக ரகசியம் என்று தட்டிக்கழிக்க வழி கொடுத்தாற்போல் ஆகும். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அந்தச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. நடுவில் ஒரு திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு போட்டு வையுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: அரசு ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) பயன்படுத்துவதற்கு எதிராக அடிப்படை உரிமை உண்டா? (ராயபுரம் மாணவர்)

பதில்: ஏ.ஐ. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. கண்மூடித்தனமாக நடத்தப்படாமலிருக்கும் உரிமை உண்டு. அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21-ஆம் (உயிர், சுதந்திரம்) பிரிவுகள், தனியுரிமையை அடிப்படை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு ஆகியவைதான் பிடிமானம். நெதர்லாந்தில் மோசடிக்காரர்களைக் கணிக்கும் அரசு மென்பொருளை 2020-ல் ஹேக் நீதிமன்றம் நிறுத்தியதும் தனியுரிமையை வைத்துத்தான். தமிழக அரசின் 2020 ஏ.ஐ. கொள்கை நியாயம், வெளிப்படைத்தன்மை எல்லாம் பேசுகிறது. ஆனால் அது கொள்கை, சட்டம் அல்ல; அதை மட்டும் நம்பி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடாதீர்கள்.