கடன் அட்டை இல்லாமல் குடும்பம் நடத்தலாமா? சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாதச் சம்பளம் இல்லாதவர்கள் எழுதியவை. அவர்களுடைய வருமானம் வரும் நாளும் கடன் கட்ட வேண்டிய கெடு நாளும் ஒத்துப்போவதில்லை என்பதே என் பதில்களுக்கு அடிப்படை.

கேள்வி: பனங்காட்டில் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறேன். வேலை குறைந்த மாதங்களில் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்ததில் 60,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. வங்கி கேட்கும் 3,000 ரூபாயை மாதந்தோறும் தவறாமல் கட்டியும் பாக்கி குறையவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று இருக்கிறது. ஆண்டுக்கு அது 42 சதவீதம். 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,100 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ஆக, நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் 2,478 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் கழிவது 522 ரூபாய்தான். அதே மாதத்தில் அட்டையைக் கொண்டு ஒரு சிலிண்டர் வாங்கினால் அந்தக் கழிவும் இல்லாமல் போகும். 45 அல்லது 50 நாள் வட்டியில்லா அவகாசம் என்பது முந்தைய பாக்கியை முழுமையாகக் கட்டியவர்களுக்கு மட்டுமே உரியது. பாக்கி வைத்திருப்பவருக்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவது தாமதக் கட்டணத்திலிருந்துதான் காப்பாற்றும், வட்டியிலிருந்து காப்பாற்றாது.

இவ்வளவு வட்டிக்கு உச்சவரம்பு கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி தானாகக் குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் அட்டையில் செலவு செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்து, மொத்தப் பாக்கியையும் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருமாறு வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி அட்டைப் பாக்கியை ஒரேயடியாக அடைப்பது இன்னும் மேல். அங்கே வட்டி பெரும்பாலும் இதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, பாக்கி அடைந்ததும் அட்டைக் கணக்கை முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கடன் இரண்டாகிவிடும். பாக்கி இல்லாத நிலையில் நீங்கள் கணக்கை முடிக்கச் சொல்லி ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி முடிக்காவிட்டால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் முன்னால் பட்டறையில் இராப்பகலாக வேலை இருக்குமே, அப்போது வரும் கூடுதல் கூலியைத் தனிக் கணக்கில் போட்டு, வேலை குறைந்த மாதங்களுக்கு அதிலிருந்து எடுங்கள். அட்டை செய்துவந்த வேலையை அந்தக் கணக்கு வட்டியில்லாமல் செய்யும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். கிரெடிட் கார்டு பக்கமே போனதில்லை. தண்டல்காரரிடம் 10,000 ரூபாய்க்கு எழுதி, பிடித்தம் போக 8,500 வாங்கி, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் அடைத்துவிடுவேன். அடைத்ததும் மறுபடி எடுப்பேன். இதில் தவறில்லையே?

பதில்: தவறு இருக்கிறது. 8,500 ரூபாய் முழுவதும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. தினமும் கட்டுவதால் சராசரியாகப் பாதித் தொகைதான் உங்களிடம் இருக்கிறது. அந்தப் பாதிக்கு மூன்று மாதச் சொச்சத்துக்கு 1,500 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மேலே சொன்ன கொலுசுத் தொழிலாளியின் அட்டையைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். நாளுக்கு நூறு ரூபாய் என்பதால் பாரம் தெரியவில்லை, அவ்வளவுதான். கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் சேர்த்தே தமிழ்நாடு அரசின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சாலையோர வியாபாரிகளுக்கென 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. முதல் தவணைக் கடன் இப்போது 15,000 ரூபாய் வரை. ஒழுங்காகக் கட்டுபவருக்கு வட்டியில் 7 சதவீதம் மானியமும் உண்டு. மாநகராட்சியில் வியாபாரி அடையாள அட்டை வாங்கியிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கடனை அடைத்த பிறகும் அதே நூறு ரூபாயை நூறு நாள் உங்கள் கணக்கிலேயே போட்டுவாருங்கள். அடுத்த முறை முதலுக்கு யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.

கேள்வி: ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம், இடையிடையே மிளகு. மழைக்காலத்தில் உரத்துக்கும் கூலிக்கும் பணம் இருப்பதில்லை. அதற்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அட்டையின் அவகாசம் மிஞ்சிப்போனால் 50 நாள். உங்கள் தோட்டமோ நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கி, உலர்த்தி, விற்று, அதன்பின் மிளகும் இறங்கினால்தான் பணம் தரும். ஜூனில் வைக்கும் உரத்துக்கு ஜனவரியில் வரவு என்றால் ஆறேழு மாத இடைவெளி. அத்தனை மாதமும் 40 சதவீதத்தை ஒட்டிய வட்டி கட்டினால் விலை நன்றாக இருக்கும் ஆண்டிலும் லாபம் கையில் நிற்காது. விற்ற பணம் கைக்கு வந்த வாரத்திலேயே அதைப் பிரித்து மே, ஆகஸ்டு, அக்டோபர் மாதங்களில் முதிரும்படி மூன்று வைப்புகளாக வங்கியில் போட்டுவிடுவது நல்லது. வட்டி கொஞ்சம்தான், ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று கையிருப்புக் கரையாமல் இருப்பதே இதில் பெரிய ஆதாயம். அப்படியும் பற்றாக்குறை வந்தால் விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டுக் கடனைக் கேளுங்கள். அதில் திருப்பிக் கட்டும் காலம் அறுவடையையும் விற்பனையையும் ஒட்டியே வகுக்கப்படுகிறது; கடைகளில் தேய்க்கும் அட்டைக்கு அந்த வசதி கிடையாது.

கேள்வி: சேலம் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. அட்டை வாங்காவிட்டால் சிபில் மதிப்பெண் (கடனைக் கட்டும் ஒழுங்கைக் காட்டும் எண்) வராது, வீட்டுக்கடன் கிடைக்காது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: பாதி உண்மை. கடன் வரலாறு இல்லாதவருக்கு 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண் உருவாகாது. ஆனால் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்பதை நிதி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. நிலையான சம்பளமும் ஒழுங்கான வங்கிக் கணக்கும் போதிய முன்பணமும் உங்களுக்கு வலுவான சான்றுகள். மதிப்பெண்ணுக்காகவே கடன் வாங்குவது எனக்கு உடன்பாடில்லாத யோசனை. அதைவிட, நண்பர்களின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தவணை தவறினால் அது உங்கள் கடன் வரலாற்று அறிக்கையிலும் ஏறும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: பண்டிகைக்கு ஃபிரிட்ஜ் வாங்க, வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அதே பொருளுக்கு ரொக்க விலை என்ன என்று கேளுங்கள். வித்தியாசமும் செயலாக்கக் கட்டணமும் சேர்ந்ததுதான் வட்டி.

கேள்வி: அட்டையும் இல்லை, கடனும் வேண்டாம் என்றால், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வது? (அம்மாபேட்டை நெசவாளர் குடும்பத்திலிருந்து)

பதில்: அந்த நாள் வரும் முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை இது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டுபோய் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துவிட்டுச் சான்றிதழுக்கு அலைவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறோம். திட்டத்தில் சேராத மருந்துக்கும் போக்குவரத்துக்கும், வேலைக்குப் போகாத நாள்களின் கூலிக்கும் கைப்பணம் வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயில்கூடத் தொடர் வைப்புத் தொடங்கலாம், அல்லது பதிவு பெற்ற ஏலச்சீட்டில் சேரலாம். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.

கேள்வி: கேட்காமலே என் பெயருக்கு ஒரு கிரெடிட் கார்டு தபாலில் வந்திருக்கிறது. வெட்டிப் போட்டுவிடலாமா?

பதில்: வெட்டினால் அட்டைதான் போகும், கணக்கு அப்படியே இருக்கும். கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதே விதிமீறல் என்பதால், வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை ரத்து செய்கிறோம் என்று யாராவது அழைத்து ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். ஒப்புதல் இல்லாமல் அட்டையை இயக்கிக் கட்டணம் போட்டிருந்தால், அதை நீக்குவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம். வழிகாட்டலுக்கு 14448 என்ற இலவச எண் இருக்கிறது.