கிளாஸ் டயகிராமிலிருந்து எக்ஸ்எஸ்டி: ஜெனரேட் அழுத்துமுன் தீர்க்க வேண்டியவை

கேள்வி: நூலக மென்பொருளுக்கு யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பைப் படமாகக் காட்டும் முறை) கிளாஸ் டயகிராம் வரைந்திருக்கிறோம். டூலில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எக்ஸ்எம்ஐ கோப்பு வருகிறது. அதை வைத்து எக்ஸ்எம்எல் தரவைச் சரிபார்க்க முடியவில்லை. எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் தரவு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் விதிக்கோப்பு) ஆக்குவது எப்படி? பிறகு எக்ஸ்எஸ்டியைத் திருத்தினால் டயகிராமுக்குத் திரும்பக் கொண்டுவரலாமா?

பதில்: எக்ஸ்எம்ஐ என்பது டயகிராமையே ஒரு டூலிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போக ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வகுத்த வடிவம். ‘நூல் என்றொரு கிளாஸ் உண்டு’ என்ற செய்திதான் அதில் இருக்கும். ஒரு நூலின் தரவு எப்படி அமைய வேண்டும் என்ற விதி இருக்காது. உங்களுக்குத் தேவை, பல மாடலிங் டூல்களில் தனியாக இருக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா ஜெனரேட் வசதி. ஆனால் உடனே அழுத்திவிடாதீர்கள். எக்ஸ்எஸ்டி கேட்கும் சில கேள்விகளுக்கு டயகிராமில் பதிலே கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் டூல் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும்.

சிக்கலில்லாமல் மாறுபவை சில. பேக்கேஜ் நேம்ஸ்பேஸ் ஆகும், கிளாஸ் காம்ப்ளெக்ஸ்டைப் ஆகும், எனுமரேஷன் (குறிப்பிட்ட மதிப்புகளின் பட்டியல்) ஸ்ட்ரிங்கின் மேல் கட்டுப்பாடு ஆகும். மல்டிப்ளிசிட்டி (எத்தனை முறை வரலாம் என்பது) 0..* என்றிருந்தால் எக்ஸ்எஸ்டியில் மின்ஆக்கர்ஸ் (குறைந்த அளவு) 0, மேக்ஸ்ஆக்கர்ஸ் (அதிக அளவு) அன்பவுண்டட், அதாவது வரம்பில்லை. எதுவும் போடாமல் விட்டால் யூஎம்எல், எக்ஸ்எஸ்டி இரண்டிலும் 1 தான் இயல்பு. யோசிக்காமல் விட்ட ஃபீல்டெல்லாம் கட்டாயமாகிவிடும். அபராதத் தொகைக்கு டபுள் வேண்டாம், டெசிமல் வையுங்கள்.

முதல் தலைவலி வரிசை. கிளாஸில் அட்ரிப்யூட்டுகளுக்கு வரிசை கிடையாது. எக்ஸ்எஸ்டி சீக்வென்ஸில் வரிசைதான் சட்டம். யாரோ டயகிராமில் ஒரு ஃபீல்டை மேலே நகர்த்திவிட்டு மறுபடி ஜெனரேட் செய்தால் நேற்றுவரை செல்லுபடியான கோப்புகள் இன்று தோற்கும். வரிசை பார்க்காத ‘ஆல்’ போட்டுத் தப்பிக்கலாம் என்றால், எக்ஸ்எஸ்டியின் 1.0 பதிப்பில் அதற்குள் எந்த எலிமெண்ட்டும் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது, அந்த டைப்பை எக்ஸ்டெண்ட் செய்து புது எலிமெண்ட் சேர்க்கவும் முடியாது. ஆகவே சீக்வென்ஸே போதும். வரிசை எண்ணை மட்டும் மாடலிலேயே டேக்டு வேல்யூவாக (மாடலில் ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்பு) எழுதிவையுங்கள். புவியியல் தரவுக்கான ஜிஎம்எல் தரம், ஐஎஸ்ஓ 19136, இதற்கென்றே ‘சீக்வென்ஸ்நம்பர்’ என்றொரு டேக் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எதை உள்ளே வைப்பது, எதைச் சுட்டிக்காட்டுவது. நூலுக்கும் பிரதிக்கும் நடுவே கறுப்பு வைரம் (ஒன்று மற்றதன் பகுதி என்ற குறி) இருந்தால் பிரதி எலிமெண்ட் நூலுக்குள்ளேயே போகட்டும். இரவலிலிருந்து உறுப்பினருக்குப் போவது வெறும் அசோசியேஷன் (தொடர்புக் கோடு). அதை உள்ளே வைத்தால் ஒரே உறுப்பினரின் முகவரி பத்து இரவலில் பத்து முறை வரும். சுட்டிதான் சரி.

சுட்டிக்கு ஐடி (எலிமெண்ட்டின் அடையாளம்), ஐடிரெஃப் (அதைச் சுட்டுவது) போடத்தான் முதலில் கை போகும். உறுப்பினர் எண் 10452 என்றால் அது ஐடியாகச் செல்லாது, ஐடி இலக்கத்தில் தொடங்கக்கூடாது. தவிர, உறுப்பினரைக் காட்ட வேண்டிய ஐடிரெஃப் ஒரு நூலைக் காட்டினாலும் வேலிடேட்டர் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அது வகையைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக கீ (தனித்த அடையாளம்), கீரெஃப் (அந்த அடையாளத்தைச் சுட்டுவது) இரண்டையும் நூலகம் என்ற ரூட் எலிமெண்ட்டில் அறிவியுங்கள். இரண்டு குறையும் தீரும். இங்கே ஒரு கண்ணி உண்டு. செலக்டர் எக்ஸ்பாத்தில் (எந்த எலிமெண்ட்டுகள் என்று காட்டும் பாதை) முன்னொட்டில்லாத பெயர், நேம்ஸ்பேஸே இல்லாத எலிமெண்ட்டைக் குறிக்கும். டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் அங்கே எடுபடாது. கீரெஃப் செலக்டரில் முன்னொட்டை விட்டுவிட்டால் அது எதையும் தேர்ந்தெடுக்காது, சரிபார்க்க ஒன்றும் இருக்காது, பிழைச்செய்தியும் வராது. எல்லாம் பாஸ்! அதனால் இல்லாத உறுப்பினர் எண்ணுடன் ஒரு தவறான கோப்பைத் தயார் செய்து, அது தோற்கிறதா என்று பாருங்கள்.

இன்ஹெரிட்டன்ஸ் எக்ஸ்டென்ஷனாக மாறும். பெற்றோரின் ஃபீல்டுகள் முன்னால், பிள்ளையின் ஃபீல்டுகள் பின்னால். ஒரு டைப்புக்கு ஒரே பெற்றோர்தான். கிளாஸுக்கு இரண்டு பெற்றோர் இருந்தால் ஒன்றை நீங்களே எலிமெண்ட் குரூப்பாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

திரும்பும் தேதி, எடுத்த தேதிக்கு முந்தியிருக்கக்கூடாது என்பது போன்ற ஓசிஎல் (யூஎம்எல்லின் நிபந்தனை மொழி) நிபந்தனைகளை 1.0 எக்ஸ்எஸ்டியில் சொல்ல வழியில்லை. 2012இல் வந்த 1.1இல் அசர்ட் (இப்படிப்பட்ட நிபந்தனை எழுதும் வசதி) உண்டு, ஆனால் எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியும் ஜாவாவுடன் வரும் வேலிடேட்டரும் டாட்நெட்டும் 1.0 வரைதான். தரவை வாங்குபவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் ஸ்கீமட்ரான் (நிபந்தனைகளைச் சரிபார்க்கும் மொழி) கோப்பைத் தனியாகக் கொடுப்பது பாதுகாப்பு.

திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி: டூல் ஏதோ ஒரு படத்தைக் கொடுக்கும், ஆனால் உங்கள் படத்தை அல்ல. கீரெஃப் வெறும் ஸ்ட்ரிங் ஃபீல்டாக வந்து நிற்கும், அசோசியேஷன் கோடும் அதன் ரோல் பெயர்களும் போயிருக்கும், பலவற்றில் ஒன்றைத் தேர்வதான சாய்ஸுக்கு நேரான யூஎம்எல் குறியீடு கிடையாது. எனவே மாடலைத் திருத்தி எக்ஸ்எஸ்டியை மறுபடி உருவாக்குவது ஒன்றே வழி. உருவான கோப்பில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிலாக்ஸ் என்ஜி என்ற இன்னொரு ஸ்கீமா மொழியின் பக்கம் போக நினைத்தாலும் இதே ஒருவழிப் பாதைதான்: ட்ராங் என்ற கருவி ரிலாக்ஸ் என்ஜியிலிருந்து எக்ஸ்எஸ்டி எழுதித் தரும், எக்ஸ்எஸ்டியை உள்ளீடாக வாங்காது.