ஏணியில் நிற்பவர் கைக்கு ஒரு செயலி

காண்டிராக்ட் வேலை எடுப்பவர்களும் வீட்டு சர்வீஸ் தொழில் நடத்துபவர்களும் தங்களுக்கென்று ஒரு மொபைல் செயலி செய்துகொள்வது பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த முறை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒன்றிரண்டில் இருந்த வசவுகளையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: பிளம்பிங், எலக்ட்ரிக்கல் இரண்டும் செய்கிறோம். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எல்லாமே ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. சொந்தமாக ஒரு ஆப் செய்துகொள் என்று மைத்துனர் பிடிவாதமாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மைத்துனர் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சரி, அது போகட்டும்.

பன்னிரண்டு பேர் என்பது இரண்டுங்கெட்டான் அளவு. நாலைந்து பேர் இருக்கும்போது யார் எந்த வேலைக்குப் போயிருக்கிறார், எந்த வீட்டில் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருக்கும். பன்னிரண்டு பேர் ஆனதும் தலை கொள்ளாது. ஆனால் சொந்தமாக ஒன்றைச் செய்து ஆண்டுக்கணக்கில் கட்டிக் காக்கும் அளவுக்குத் தொழிலும் இன்னும் பெருத்திருக்காது. இந்த இடைவெளிக்காகவே மாதச் சந்தாவில் ரெடிமேட் மென்பொருள்கள் இருக்கின்றன: ஜாபர், ஹவுஸ்கால் ப்ரோ, சர்வீஸ்டைட்டன் என்று பல. சர்வீஸ்டைட்டன் கதை உங்களுக்குப் பிடிக்கும். அதை ஆரம்பித்த இரண்டு பேருடைய அப்பாக்களும் உங்களைப் போலக் காண்டிராக்ட் வேலை செய்தவர்கள். அப்பாக்களுக்கு உதவப் போய்ப் பிள்ளைகள் எழுதிய மென்பொருள்தான் 2024 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. கால் வந்தால் பதிவது, ஆளை அனுப்புவது, கொட்டேஷன், பில், ரசீது இதெல்லாம் இவற்றில் பல வருடம் அடிபட்டுத் தேறி வந்தவை. அதையே காசு கொடுத்து முதலிலிருந்து எழுதச் சொன்னால், கடையில் தொங்கும் ஸ்பேனரை விட்டுவிட்டுப் பட்டறையில் புதிதாக ஒன்று அடிக்கச் சொன்ன கதைதான்.

அப்படியானால் சொந்தச் செயலி யாருக்கு? மற்றவர்களிடம் இல்லாத ஒரு கணக்கு உங்கள் தொழிலில் இருந்தால், உங்களுக்கு. பெயின்டிங் காண்டிராக்டர் ஒருவர் கதவு, ஜன்னல் பரப்பைத் தன் வழக்கப்படி கழித்து, சுவரின் நிலையைப் பார்த்து எத்தனை கோட் என்று முடிவு செய்து ரேட் சொல்வார். அவருடைய லாபமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அதை எந்த ரெடிமேடும் அப்படியே செய்யாது. சப்-காண்டிராக்ட் ஆட்களுக்கு வேலைக்கு வேலை வேறு வேறு பங்கு பிரிப்பவர்கள், ஒரே கட்டடத்தில் ஐம்பது மோட்டார்களுக்கு ஐம்பது விதமான சர்வீஸ் தேதி வைத்திருப்பவர்கள், இவர்களும் அந்த வகை.

மைத்துனரிடம் பதில் சொல்வதற்கு முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஆபீசுக்கும் ஆட்களுக்கும் நடுவே போன் போகும்போதெல்லாம் ஏன் என்று ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். ‘அட்ரஸ் தெரியவில்லை’, ‘அந்த சைஸ் வால்வு ஸ்டாக்கில் இருக்கா’, ‘எவ்வளவு வாங்கட்டும்’, ‘போன தடவை யார் வந்தது’. பிறகு எண்ணிப் பாருங்கள். எந்த வரி அதிகமோ அதுதான் உங்கள் முதல் திரை. அந்த ஒன்றை ரெடிமேட் மென்பொருளே தீர்த்துவிட்டால் வேலை முடிந்தது. தீர்க்கவில்லை என்றால் அந்த நோட்டையே டெவலப்பர் கையில் கொடுங்கள், கலர் கலராகப் போட்ட எந்த ஸ்லைடும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: வீடு சுத்தம் செய்யும் சர்வீஸ் நடத்துகிறேன், சார். ஐபோன் ஆப்பில் பணம் வாங்கினால் ஆப்பிள் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: இல்லை அம்மா. அந்தக் கமிஷன் கேம், சந்தா, வீடியோ போல ஆப்புக்குள்ளேயே அனுபவித்து முடிக்கிற டிஜிட்டல் சரக்குக்கு. வீட்டுக்கு ஆள் வந்து தரை துடைப்பது ஆப்புக்கு வெளியே நடக்கும் வேலை. அதற்கான பணத்தை ஆப்பிளின் வழியில் வாங்கக் கூடாது, கார்டு போன்ற வேறு வழியில்தான் வாங்க வேண்டும் என்று ஆப்பிளின் விதியே சொல்கிறது. கார்டு பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் பேமென்ட் கேட்வே எடுக்கும் சிறு கட்டணம் மட்டும் உங்கள் பாடு.

கேள்வி: ஏசி சர்வீஸ் செய்கிறோம். ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மேப்பில் தெரிகிற மாதிரி ஆப் செய்து கொடுத்தேன். இரண்டே வாரத்தில் எல்லார் போனிலும் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது! பொய் என்று எனக்குத் தெரியும். என்ன செய்யலாம்?

பதில்: பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை வரவழைத்தது நீங்கள்.

முதலில் தொழில்நுட்ப விஷயம். நாள் முழுக்க ஒருவர் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும் செயலியைப் போனே விரும்புவதில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் இல்லாதபோதும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஐபோன் அவ்வப்போது ‘இந்த ஆப் உன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தொடரட்டுமா’ என்று கேட்கும். ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிடலாம். அப்புறம், ஜிபிஎஸ் ஒன்றும் தெய்வ வாக்கு இல்லை. திறந்தவெளியில் ஒரு சாதாரண போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். உங்கள் ஆட்கள் நிற்பதோ உயரமான கட்டடங்களுக்கு நடுவே, பால்கனிக்கு உள்ளே. மேப்பில் புள்ளி எதிர்க் கட்டடத்தில் தெரிகிறது, நீங்கள் போன் போட்டு ‘அங்கே என்ன பண்ணுகிறாய்’ என்கிறீர்கள், அவரோ கம்ப்ரசரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். இப்படி இரண்டு தடவை நடந்தால் சார்ஜ் தானாகத் தீர்ந்துவிடும்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? வாடிக்கையாளருக்கு எத்தனை மணிக்கு ஆள் வருவார் என்று சொல்ல வேண்டும், அடுத்த கால் வந்தால் பக்கத்தில் இருப்பவரை அனுப்ப வேண்டும். இதற்கு மூன்று பொத்தான் போதும்: ‘கிளம்பிவிட்டேன்’, ‘வந்துவிட்டேன்’, ‘முடிந்தது’. பொத்தானைத் தொடும் அந்த நொடியில் மட்டும் இடமும் நேரமும் பதிவாகட்டும். அந்தப் பதிவை உங்கள் ஆளும் பார்க்க முடிய வேண்டும். ‘உங்கள் ஆள் வரவே இல்லை’ என்று ஒரு வாடிக்கையாளர் சாதிக்கும் நாளில் அது அந்த ஆளுக்குக் கவசம். அப்படி ஒரே ஒருவரை அது காப்பாற்றிவிட்டால், மற்றவர்கள் பொத்தானை அமுக்க மறக்கவே மாட்டார்கள், நீங்கள் கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. போன் யாருடையது? அவருடைய சொந்தப் போன், அவருடைய டேட்டா என்றால், முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் பிறகு மேப்பைப் பற்றிப் பேசுங்கள்.

நான் பார்த்த ஒரு செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையை முடித்ததாகக் காட்ட இருபத்து மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், எல்லாமே கட்டாயம். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் யோசித்தது என்று பார்த்தாலே தெரியும். ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத் தகவலில் பாதி வெறும் புள்ளி. கையில் கிரீஸ், ஒரு கால் ஏணியில், வெயில் திரையில் அடிக்கிறது: இந்த நிலையில் இருப்பவரால் ஒரே கட்டைவிரலால் முடிக்க முடிந்தால்தான் அது அவருடைய செயலி. எழுத்து பெரிதாக இருக்கட்டும், தட்டச்சுக்குப் பதில் குரலும் போட்டோவும் இருக்கட்டும்.

கேள்வி: பேஸ்மென்டில் பம்ப் ரூமில் வேலை. அங்கே சிக்னலே இல்லை. முக்கால் மணி நேரம் ரீடிங் எல்லாம் போட்டுவிட்டு ‘சேவ்’ கொடுத்தால் வட்டம் சுற்றுகிறது, அப்புறம் எல்லாம் காணாமல் போகிறது. டெவலப்பர் ‘நெட் இருந்தால் வேலை செய்யும்’ என்கிறார்.

பதில்: நெட் இருந்தால் எதுதான் வேலை செய்யாது? உங்கள் டெவலப்பர் மேசையில் உட்கார்ந்து வைஃபையில் சோதித்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கான செயலி, தகவலை முதலில் போனுக்குள்ளேயே எழுதிக்கொள்ள வேண்டும், சிக்னல் வந்ததும் தானாக சர்வருக்கு அனுப்ப வேண்டும். போனுக்குள் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற இலவசத் தரவுத்தளம் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கூடவே வருகிறது. ஆகவே ‘முடியாது’ என்றால் நம்பாதீர்கள். ‘அதற்குக் கூடுதல் வேலை இருக்கிறது’ என்றால் நம்பலாம், ஏனென்றால் உண்மையான சிக்கல் அடுத்து வருவதுதான்: நீங்கள் கீழே இருக்கும்போது அதே வேலையின் தேதியை ஆபீஸில் யாரோ மாற்றிவிட்டால், மேலே வந்ததும் எது நிற்கும்? ரீடிங், போட்டோ எல்லாம் சைட்டில் இருப்பவர் போட்டதே நிற்கும், தேதியும் ரேட்டும் ஆபீஸ் போட்டதே நிற்கும் என்பது போல ஒரு விதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டெவலப்பருக்கு உங்கள் தொழிலில் யார் சொல்வது செல்லும் என்று எப்படித் தெரியும்? போட்டோவை அனுப்பும் முன் சுருக்கச் சொல்லுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஒரு முழு வேலையை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது நடந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு மட்டும் போதுமா, ஐபோனுக்கும் செய்ய வேண்டுமா?

பதில்: ஆட்களுக்கு என்றால், அவர்கள் கையில் இருக்கும் போன் எதுவோ அது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தடவை எழுதத் தேவையில்லை. ஒரே தடவை எழுதி இரண்டு போனிலும் ஓட வைக்கும் கருவிகள் இருக்கின்றன: ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், கூகுளின் ஃப்ளட்டர், இரண்டில் எதுவானாலும் பெரும்பாலும் ஒரே நிரல்தான். எதில் எழுதுகிறார் என்பதைவிட, அவர் கைவிட்டுப் போனால் தொடர இன்னொருவர் எளிதில் கிடைப்பாரா என்று பாருங்கள்.

கேள்வி: ஒருவர் ஆப் செய்து கொடுத்தார். இப்போது போனை எடுப்பதில்லை. ஆப் அவருடைய கணக்கில்தான் இருக்கிறதாம். சிறு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை. எனக்கு என்ன உரிமை?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உரிமை. எதுவும் எழுதவில்லை என்றால் கஷ்டம்தான், ஏனென்றால் பல நாடுகளில் வெளி ஆளிடம் கொடுத்து எழுதி வாங்கிய நிரலின் காப்புரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை எழுதியவருக்கே. பணம் கொடுத்துவிட்டேனே என்பது அங்கே முழுப் பதில் ஆகாது. சண்டை போடாமல் பேசி, மூன்றைக் கேளுங்கள். நிரலின் முழுப் பிரதி, தரவுத்தளத்தின் பிரதி, ஸ்டோர் கணக்கு மாற்றம். கூகுளிலும் ஆப்பிளிலும் ஒரு செயலியை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற முறைப்படி வழி இருக்கிறது, ரிவ்யூவும் போகாது, ஏற்கெனவே போட்டவர்களும் திரும்பப் போட வேண்டாம். ஆனால் அவர் பக்கத்திலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் வாடிக்கையாளர் பட்டியலையாவது வாங்கிவிடுங்கள். செயலியைத் திரும்ப எழுதிவிடலாம், எந்த வீட்டில் எப்போது எந்தப் பார்ட் மாற்றினோம் என்பதை எழுத முடியாது.

இனிமேல் செய்பவர்கள் கவனிக்க: முதல் நாளே ஸ்டோர் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறங்கள். கூகுளில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். டெவலப்பரை அதில் ஓர் ஆளாகச் சேருங்கள். டொமைன் என்கிற வெப் முகவரியும், தகவல் இருக்கும் சர்வரும் அப்படியே.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கென்று அழகாக ஆப் செய்தோம். யாருமே இன்ஸ்டால் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: நானும் மாட்டேன். வருடத்துக்கு இரண்டு தடவை ஒழுகும் குழாய்க்காக யார் போனில் ஓர் ஐகான் வைத்திருப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது ஒரு லிங்க்: தட்டினால் ஆள் எப்போது வருவார், கொட்டேஷன் எவ்வளவு, ஒப்புதல், பணம் கட்டும் இடம். இதை வெப் பக்கமாகவே செய்யலாம். அடிக்கடி வருபவர்கள், உதாரணமாகக் கட்டட மேனேஜர்கள், அதையே போனின் முகப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஐபோனில்கூட 2023-இல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் அப்படிச் சேர்த்த பக்கத்துக்கு அறிவிப்பு அனுப்ப முடிகிறது. வேலை முடிந்ததும் மெஷின் மேல் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மெஷின் நின்றுபோன அன்று அவர் கண்ணில் படுவது அந்த ஸ்டிக்கர்தான்.

கேள்வி: ஆப் செய்து முடித்து முழுப் பணமும் கொடுத்தாயிற்று. இப்போது வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வேண்டுமாம். நாங்கள் லிஃப்ட், ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள், நாணயமான தொழில். இது கொள்ளை இல்லையா?

பதில்: உங்கள் லெட்டர்பேடின் கீழே ‘வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்து தரப்படும்’ என்று அச்சடித்திருக்கிறதே, ஐயா!

கேட்கும் தொகை நியாயமா என்று பேரம் பேசலாம், கேட்பதே தவறு என்று சொல்ல முடியாது. ஸ்டோரில் இருக்கும் செயலிகள் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற வேண்டும் என்று கூகுள் ஆண்டுதோறும் கெடு வைக்கிறது, ரொம்பவும் பின்தங்கினால் புதுப் போன் வாங்கியவர்கள் தேடும்போது உங்கள் செயலி கண்ணிலேயே படாது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-இல், அறிவிப்பு காட்டவும் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதைக் கவனிக்காத ஒரு செயலியில் என்ன ஆகும் என்றால், பழைய போன் வைத்திருப்பவருக்கு ‘லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார்’ என்ற கால் மணியடித்து வரும், நேற்றுப் புதுப் போன் வாங்கியவருக்குச் சத்தமே வராது. அந்த ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்வார்கள், பேக்கப் எடுப்பது யார், அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு தடவையாவது மீட்டுப் பார்த்தார்களா என்று மூன்று வரி சேர்த்துக் கேளுங்கள். உங்கள் லிஃப்ட் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர்கள் சேர்க்கச் சொல்லும் வரிகள்தானே, உங்களுக்குத் தெரியாததா.