அன்றாடச் சாப்பாட்டுக்கும் நண்பர்கள் கூடும்போதும் விலை குறைந்த ஒயினை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் பேர்பெற்ற ஊர்களை விட்டுத்தள்ளுங்கள். லேபிளில் இருக்கும் பேருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஷாம்பெயின் ஆசையா? ஸ்பெயினின் நுரைக்கும் ஒயினான காவாவைப் பாருங்கள். ஷாம்பெயின் போலவே அதிலும் நுரையைத் தரும் இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது, விலைதான் வெகுவாகக் குறைவு. சிவப்பு என்றால் அர்ஜென்டினாவின் மால்பெக், பிரான்ஸின் கோத் து ரோன். வெள்ளையில் என் தேர்வு போர்ச்சுகலின் வின்யோ வெர்தே. இளசாகவே குடிக்க வேண்டியது, ஆல்கஹாலும் பெரும்பாலும் குறைவு.

காரச் சாப்பாட்டோடு ஆல்கஹால் தூக்கலான, துவர்ப்பான சிவப்பு சேராது, எரிச்சலைக் கூட்டிவிடும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் அதை அடக்கும். எண்ணெயில் பொரித்ததற்குப் புளிப்பான வெள்ளை சரி.

திருகுமூடி போட்டால் மட்டமான சரக்கு என்ற நினைப்பு வேண்டாம். கார்க்கினால் வரும் பூஞ்சை வாடைத் தொல்லை அதில் மிகக் குறைவு. விலை குறைந்த சிவப்பை 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஊற்றிப் பாருங்கள், சாராய நெடி அமுங்கிவிடும்.

அப்புறம் கணக்கு: 750 மில்லி பாட்டிலில் 5 கோப்பை வரும். மிச்சத்தை மூடிக் குளிரில் வைத்தால் 3 நாள் தாங்கும்.